இளைத்துப்போன குதிரைக்கு எண்ணெய் கொடுக்கலாமா? எவ்வளவு?

லாயத்துக்காரன்:
வணக்கம். என் பெண் குதிரைக்கு 17 வயது, எடை 400 கிலோ இருக்கும். மூன்று மாதமாக இளைத்துக்கொண்டே வருகிறது, தள்ளி நின்றே விலா எலும்பை எண்ணிவிடலாம். ஓட்ஸைக் கூட்டிப் பார்த்தேன், உடம்பு ஏறவில்லை, துள்ளல்தான் ஏறியது, சேணம் பூட்டப் போனால் ஒரு இடத்தில் நிற்பதில்லை. எண்ணெய் ஊற்றச் சொன்னார்கள். நேற்று ஒரு கப் நிறைய மக்காச்சோள எண்ணெயை ஊற்றி வைத்தால், முகர்ந்து பார்த்து மேலுதட்டைச் சுருட்டிவிட்டுப் போய்விட்டது. காலையில் தொட்டியில் தீவனம் அப்படியே கிடக்கிறது, ஓரத்தில் எண்ணெய் தேங்கி நிற்கிறது. எவ்வளவு கொடுக்கலாம், எத்தனை நாளில் தெரியும்? அப்புறம், குதிரைக்குப் பித்தப்பையே கிடையாது என்கிறார்களே, பிறகு எண்ணெய் எப்படிச் செரிக்கும்?

கடிவாளம்:
முதல் நாளே ஒரு கப் என்றால் எந்தக் குதிரையும் அப்படித்தான் திரும்பிக்கொள்ளும். பித்தப்பை இல்லை என்பது உண்மை. ஆனால் ஈரல் பித்தநீரைச் சேர்த்து வைக்காமல் நாள் முழுக்கக் குடலுக்குள் விட்டுக்கொண்டே இருக்கிறது, நாள் முழுக்க மேய்கிற பிராணிக்கு அதுதானே சரி. குடல் பழகிவிட்டால் எண்ணெய் நன்றாகவே செரிக்கும், பழகத்தான் இரண்டு மூன்று வாரம் ஆகும்.

வேளைக்கு 30 மில்லி, இரண்டு வேளை, இதில் ஆரம்பியுங்கள். தீவனத்தைக் கொஞ்சம் ஈரமாக்கிப் பிசறிக் கொடுத்தால் எண்ணெய் தனியாக நிற்காது. மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை கொஞ்சம் கூட்டி, நாளைக்கு 200 மில்லி வரை கொண்டுபோனால் உங்கள் குதிரைக்குப் போதும். கிலோ எடைக்கு 1 மில்லி என்பதுதான் உச்சவரம்பு, அதாவது 400, அங்கே போக வேண்டிய அவசியமே இல்லை. லத்தியைப் பார்த்துக்கொண்டே இருங்கள், இளகி எண்ணெய்ப் பளபளப்போடு விழுந்தால் ஒரு படி இறங்கிவிடுங்கள். 200 மில்லி எண்ணெயில் அரைக் கிலோவுக்கு மேற்பட்ட ஓட்ஸின் சத்து இருக்கிறது, மாவுச்சத்து துளியும் இல்லாததால் அந்தத் துள்ளலும் வராது. உடம்பில் தெரிய இரண்டு மாதமாவது ஆகும், அவசரப்படாதீர்கள்.

தேய்ந்தலாடம்:
எண்ணெய் எல்லாம் சரி, 17 வயதுக் குதிரை இளைக்கிறது என்றால் முதலில் வாயைத் திறந்து பார்க்க மாட்டீர்களா? பல் ராவி எத்தனை நாளாயிற்று? குடற்புழு மருந்து? காய்ந்த புல்லை எடை போட்டுத்தான் கொடுக்கிறீர்களா அல்லது கைக்கணக்கா? 400 கிலோவுக்கு நாளைக்கு 8 கிலோ போக வேண்டும். எண்ணெயில் புரதமும் இல்லை, தாதுக்களும் இல்லை, வெறும் சக்திதான், புல்லுக்குப் பதிலாக அதை வைக்க முடியாது. லாயத்தில் தரையைப் பாருங்கள், பாதி மென்ற புல் ஈரமாக உருண்டு உருண்டு கிடந்தால் பல்தான் காரணம்.

லாயத்துக்காரன்:
அண்ணா, இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். தொட்டிக்கு அடியில் எலுமிச்சை அளவில் ஏழெட்டு உருண்டை கிடக்கிறது. தினமும் கூட்டித்தான் தள்ளிக்கொண்டிருந்திருக்கிறேன், எச்சில் பட்ட புல் என்று நினைத்து. நாளைக்கே மருத்துவரை வரச் சொல்லியிருக்கிறேன். இன்னொரு சந்தேகம், போன வருடம் கோலிக் (வயிற்றுவலி) வந்தபோது வாங்கிய திரவ பாரஃபின் அரைப் பாட்டில் மீதி இருக்கிறது, மக்காச்சோள எண்ணெய் பிடிக்கவில்லை என்றால் அதைக் கலக்கலாமா?

கடிவாளம்:
வேண்டவே வேண்டாம்! அது கனிம எண்ணெய், செரிக்காமல் அப்படியே வெளியே வந்துவிடும், உடம்பில் ஒட்டாது. மருத்துவர் மூக்கு வழியாகக் குழாய் விட்டு நேரே இரைப்பைக்குள் இறக்குவதற்குக் காரணம் இருக்கிறது. வாயில் ஊற்றினால் இருமல்கூட வராமல் நுரையீரலுக்குள் இறங்கிவிடும், அப்புறம் காப்பாற்றுவது கஷ்டம். சமையல் எண்ணெயாக இருந்தாலும் வாயில் ஊற்றிப் புகட்டாதீர்கள், தானாகத் தின்ன வேண்டும்.

பிடரிமயிர்:
தாமதமாக வருகிறேன். பெரும்பாலான குதிரைக்கு மக்காச்சோள எண்ணெய்தான் பிடிக்கும், ஆனால் அதில் ஒமேகா 6 மட்டும் நிறைய, ஒமேகா 3 இல்லை என்றே சொல்லலாம். ஆளிவிதை எண்ணெயில் ஒமேகா 3 தான் பாதிக்கு மேல், என்ன, சீக்கிரம் கெட்டுவிடும். நான் பாதிப் பாதி கலக்கிறேன். எது கொடுத்தாலும் 100 மில்லிக்கு 100 முதல் 150 யூனிட் வைட்டமின் ஈ சேர்க்க மருத்துவரிடம் கேளுங்கள், எண்ணெய் கூடக் கூட உடம்புக்கு அதன் தேவையும் கூடும். மொத்தமாக வாங்கி வைக்காதீர்கள். லாபம் என்று 20 லிட்டர் கேன் வாங்கி வெயில் படுகிற மூலையில் வைத்தேன், பாதி தீர்வதற்குள் பழைய பெயின்ட் வாடை வந்துவிட்டது. எனக்குத் தெரிவதற்கு முன்பே குதிரைக்குத் தெரிந்திருக்கிறது, நான்தான் ருசி பார்க்கிறது என்று திட்டிக்கொண்டிருந்தேன்.

லாயத்துக்காரன்:
மருத்துவர் வந்து போய்விட்டார். இரண்டு பக்கமும் கடைவாய்ப் பல் கொக்கி மாதிரி வளர்ந்து கன்னத்தைக் கிழித்திருக்கிறது. ராவியாயிற்று. புண் ஆறும்வரை ஊறவைத்த தீவனம், அதில் இன்று 30 மில்லி மட்டும். தொட்டியை நக்கி வைத்திருக்கிறது.