600-இல் பூ பளிச், குருவி மங்கல்: லென்ஸ் கோளாறா, நானா?

பின்கட்டு எழுதியது:

வணக்கம். எங்கள் ஊர் கானாடுகாத்தான் பக்கம். போன மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த அத்தான், தான் வைத்திருந்த 150-600 மி.மீ. ஜூம் லென்ஸை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்னுடையது க்ராப் சென்சார் (சின்ன சென்சார்) டிஎஸ்எல்ஆர் கேமரா. வீட்டுக்குப் பின்னால் செம்பருத்தி, இட்லிப்பூ, ஒரு வேம்பு, ஒரு முருங்கை. தேன்சிட்டு, கொண்டைக்குருவி, தவிட்டுக்குருவி எல்லாம் வந்து போகும்.

மூன்று மீட்டரில் இருக்கும் செம்பருத்தியை எடுத்தால் இதழின் நரம்புகூடத் தெரிகிறது. அதே 600 மி.மீ.-இல் முருங்கையில் உட்காரும் தேன்சிட்டை எடுத்தால் அழிரப்பரால் தேய்த்த மாதிரி இருக்கிறது. முக்காலி உண்டு, லென்ஸ் துளை எஃப்/6.3, ஷட்டர் வேகம் 1/500 விநாடி. ஒரு கடையில் காட்டினேன். ஃபோகஸ் காலிப்ரேஷன் (கேமராவும் லென்ஸும் ஃபோகஸில் ஒத்துப்போவது) போய்விட்டது, மூவாயிரம் ஆகும் என்றார்கள். கொடுத்துவிடலாமா?

மீன்கொத்தி எழுதியது:

1/500 போதாது தம்பி. க்ராப் சென்சாரில் 600 என்பது 900 மாதிரி. கையில் பிடித்தால் 1/1000-க்குக் கீழே இறங்கவே கூடாது. முக்காலி உங்கள் கை நடுக்கத்தைத்தான் நிறுத்தும், தேன்சிட்டை நிறுத்தாது. அது உட்கார்ந்திருக்கும்போதே தலையை நாலு பக்கம் திருப்பும். 1/1600 வைத்துப் பாருங்கள். ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஏறினால் ஏறட்டும்.

ஊருணிக்கரை எழுதியது:

பணத்தை இப்போதைக்கு மடியிலேயே வையுங்கள். மங்கலிலும் ரகம் உண்டு. ஃபோகஸ் தப்பியிருந்தால் குருவி மங்கலாக இருந்தாலும் அதற்கு முன்னாலோ பின்னாலோ ஓர் இலை கூர்மையாக இருக்கும். அசைவு என்றால் இழுப்பு ஒரே திசையில் போகும், கண்ணில் தெரியும் ஒளிப்புள்ளி கோடாகிவிடும். எதுவுமே கூர்மையாக இல்லாமல், அடுத்தடுத்து எடுத்த படங்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக நெளிந்திருந்தால் அது வேறு விவகாரம்.

எத்தனை மணிக்கு எடுக்கிறீர்கள்? எங்கே நின்று? மரத்துக்கும் உங்களுக்கும் நடுவில் என்ன இருக்கிறது? லென்ஸ் முன்னால் ஃபில்டர் ஏதும் மாட்டியிருக்கிறதா?

பின்கட்டு எழுதியது:

பலகாரம் சாப்பிட்ட பிறகுதான் உட்காருவேன், பத்தரை பதினொன்று ஆகிவிடும். இடம் இரண்டாம் கட்டு நிலைவாசல். முருங்கை அங்கிருந்து சுமார் 18 மீட்டர். நடுவில் தட்டோடு பதித்த களம், அப்பத்தா வத்தல் காயப்போடும் இடம். ஃபில்டர் உண்டு, அத்தான் மாட்டிக் கொடுத்தது.

நீங்கள் சொன்ன பிறகு வரிசையாகப் பார்த்தேன். ஒரு படத்தில் அலகு இரண்டாகத் தெரிகிறது. அடுத்ததில் பரவாயில்லை. அதற்கடுத்ததில் வால் நெளிகிறது. இலையும் எதிலும் கூர்மையாக இல்லை.

ஊருணிக்கரை எழுதியது:

வத்தல் காயும் களமா! அதற்கு மேலேயா லென்ஸை நீட்டினீர்கள்? இதுதான் காரணம், கானல்.

சூடான தரையிலிருந்து வெப்பக்காற்று எழும்போது, மேலே இருக்கும் குளிர்ந்த காற்றோடு கலந்து நெளியும். இரண்டும் ஒளியை வளைக்கும் அளவு வேறு. அதனால் குருவியிலிருந்து வரும் ஒளி நேராக வராமல் ஆடி ஆடி வருகிறது. வெறும் கண்ணுக்கு இது தெரியாது, 600 மி.மீ. அதையும் சேர்த்துப் பெரிதாக்கிக் காட்டிவிடும். பூ மூன்று மீட்டரில் இருப்பதால் நடுவில் காற்று கொஞ்சம்தான், அதனால் தப்பித்தது. முக்காலி, ஷட்டர், விலை கூடிய லென்ஸ் எதுவும் இதற்கு மருந்து இல்லை.

நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். முக்காலியில் கேமராவை வைத்து, முருங்கைக்காய் ஒன்றை லைவ் வியூவில் (கேமராவின் பின்திரையில்) பத்து மடங்கு பெரிதாக்கிப் பாருங்கள். பதினொரு மணிக்கு ஒரு தடவை, மறுநாள் விடிந்ததும் ஒரு தடவை. ஃபில்டரைக் கழற்றிவிடுங்கள். மலிவான கண்ணாடி நீள லென்ஸின் கூர்மையைத் தின்றுவிடும்.

விடியற்காலையிலும் மங்கலாக இருந்தால் மட்டும் கடைக்காரர் சொன்னதை யோசிக்கலாம். அதற்கும் வழி உண்டு: லைவ் வியூவில் ஃபோகஸ் செய்தால் கூர்மை, வ்யூஃபைண்டர் (கண் வைத்துப் பார்க்கும் துளை) வழியாகச் செய்தால் மங்கல் என்றால்தான் காலிப்ரேஷன்.

பின்கட்டு எழுதியது (இரண்டு நாள் கழித்து):

பதினொரு மணிக்கு முருங்கைக்காய் ஊருணித் தண்ணீருக்குள் கிடப்பதுபோல ஆடியது. அசந்துவிட்டேன். இன்று காலை 6.30-க்கு அதே இடம், அதே காய், அசையவே இல்லை. தேன்சிட்டின் தொண்டையில் ஊதா மினுக்கம்கூட விழுந்திருக்கிறது! ஷட்டரையும் ஏற்றினேன், மீன்கொத்தி அண்ணன் சொன்னது வீண் போகவில்லை. மூவாயிரம் மிச்சம்.

இன்னொரு சந்தேகம். செம்பருத்தி கூர்மை என்றேன் அல்லவா, பெரிதாக்கிப் பார்த்தால் இதழ் மட்டும்தான். நடுவில் நீட்டிக்கொண்டிருக்கும் மகரந்தத் தண்டு மங்கல். இதுவும் கானலா?

மீன்கொத்தி எழுதியது:

இல்லை, இது ஃபோகஸ் ஆழம். மூன்று மீட்டரில் 600 மி.மீ., எஃப்/6.3 என்றால் கூர்மையாக விழுவது ஒரு சென்டிமீட்டர்கூட வராது. தண்டு அதைவிட எவ்வளவோ நீளம். பூவை நேருக்கு நேர் எடுக்காமல் பக்கவாட்டில் நின்று எடுங்கள், தண்டு முழுக்க ஒரே தூரத்தில் வந்துவிடும். 400-க்கு இறக்கி எஃப்/11 வைத்தால் இன்னும் நல்லது. காற்று இல்லாத நேரமாகப் பாருங்கள், காம்பு ஆடினால் அத்தனையும் வீண்.

ஊருணிக்கரை எழுதியது:

குருவிக்கு ஒரு யோசனை. களத்தைத் தாண்டி எடுப்பதை விட்டுவிட்டு, வேம்பு நிழலில் ஒரு மண்சட்டியில் தண்ணீர் வையுங்கள். ஜன்னலிலிருந்து ஐந்து மீட்டர் இருக்கட்டும். ரொம்பக் கிட்டே வைத்தால் லென்ஸ் ஃபோகஸே பிடிக்காது. கண்ணாடிக் கதவைத் திறந்துவிட்டு, கம்பிக்கு நடுவே எடுங்கள். கூடு கட்டியிருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போக வேண்டாம்.

மழைக்காலம் முடிந்ததும் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் பக்கம் வேட்டங்குடி சரணாலயத்துக்கு ஒரு நடை போய்வாருங்கள். பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிக்காத ஊர்க்காரர்கள் அங்கே இருக்கிறார்கள். நாரை பெரிது, மெதுவாகப் பறக்கும், கை பழக நல்லது. அங்கேயும் வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுங்கள்.

பின்கட்டு எழுதியது:

சட்டி வைத்து நாலு நாள். கொண்டைக்குருவி தினமும் காலையில் குளிக்க வருகிறது, தண்ணீர்த் துளியோடு நல்ல படம் ஒன்று கிடைத்தது. ஒரே தொல்லை, தண்ணீர் குடிக்க வரும் தவிட்டுக்குருவிக் கூட்டம் அப்படியே களத்துக்குப் போய் வத்தலையும் கிளறிவிடுகிறது. "படம் பிடிச்சது போதும், மொதல்ல அதுகள வெரட்டுப்பா" என்கிறார் அப்பத்தா. வத்தலை மச்சுக்கு மாற்றப் பேசிக்கொண்டிருக்கிறேன்.