லினக்ஸ் மாதிரி சிஸ்டத்துல கெர்னல் (சிஸ்டத்தோட மையப் புரோகிராம்) அப்டேட் ஆனதுக்கு அப்புறம் மாட்யூல் (அதுல ஏறுற டிரைவர் மாதிரித் துண்டு) ஏறாம மாட்டின அனுபவம் இருக்கா?

டெர்மினல்வாசி
உபுண்டு 22.04 லினக்ஸ், 8821சிஇ வைஃபை சிப், டிகேஎம்எஸ் (ஒவ்வொரு புது கெர்னலுக்கும் மாட்யூலைத் தானே திரும்பக் கட்டுறது) வழியா போட்ட வெளி டிரைவர். கெர்னல் 6.5 வந்த ராத்திரி ரீபூட் பண்ணா வைஃபை ஐகானே இல்ல. லேப்டாப்ல லேன் போர்ட்டும் கிடையாது. போனைச் செருகி யுஎஸ்பி டெதரிங்லதான் நெட். கெர்னல் ஹெட்டர்ஸ் (மாட்யூல் கட்டத் தேவையான ஃபைல்கள்) இருக்கு, டிரைவர் சோர்ஸ் இருக்கு, பில்டு மட்டும் ஃபெயில் ஆகுது. பில்டு பதிவான மேக்.லாக்கைத் திறந்தா, "ட்ரிவியல் ஆட்டோ வார் இனிட்"னு ஏதோ ஆப்ஷனாம், அது எனக்குத் தெரியாதுங்குது கம்பைலர். டிரைவர் கோடுல ஒரு வரியைக்கூட அது இன்னும் தொடல! 6.5-ஐக் கட்டினது ஜிசிசி 12 கம்பைலர், என்கிட்ட இருந்தது 11. ஜிசிசி-12 போட்டதும் மறுபேச்சு இல்லாம ஏறிடுச்சு. வைஃபை போனதுக்கு யாராவது கம்பைலரைச் சந்தேகப்படுவாங்களா?

கோடைமழை
என்னுது விர்ச்சுவல்பாக்ஸ் மாட்யூல், செக்யூர் பூட் (நம்பகமான கையெழுத்து இல்லாததை ஏற விடாத காவல்) ஆன். பில்டு ஆச்சு, ஏத்தினா "ரிக்வயர்டு கீ நாட் அவெய்லபிள்". மோக்யூட்டில் கமாண்டால கையெழுத்துச் சாவியை இம்போர்ட் பண்ணி, பாஸ்வேர்டு வெச்சு ரீபூட். நீலத் திரை வந்து பத்து செகண்ட் எண்ணும்ல? அந்த நேரம் பார்த்து பக்கத்து சீட் அண்ணன் "ஐயோ வைரஸ்!"னு சிபியூ ப்ளக்கைப் பிடுங்கிட்டாரு. திரும்ப ஆன் பண்ணா திரும்ப அதே நீலம். அவர் முகத்தைப் பார்க்கணுமே.

பழைய_பெங்குவின்
@டெர்மினல்வாசி, 8821சிஇ-க்கு ஆர்டிடபிள்யூ88 டிரைவர் கெர்னல் 5.9-லயே உள்ள வந்துடுச்சே, எதுக்கு வெளி டிரைவர்? நானும் ஒரு காலத்துல இப்படி மாட்டினவன்தான், அதை விடுங்க. எல்லாருக்கும் பொதுவா சொல்றேன். யூநேம் கமாண்ட் காட்டுற, இப்போ ஓடுற கெர்னலுக்கு மட்டும் ஹெட்டர்ஸ் போட்டா அடுத்த கெர்னல்ல மறுபடி அம்போ. லினக்ஸ்-ஹெட்டர்ஸ்-ஜெனரிக் பேக்கேஜ் போடுங்க, கெர்னல் மாற மாற ஹெட்டர்ஸும் கூடவே வரும். "இன்வேலிட் மாட்யூல் ஃபார்மட்" வந்தா மோட்இன்ஃபோ கமாண்ட் காட்டுற வெர்மேஜிக்கை (மாட்யூல் எந்தக் கெர்னலுக்குக் கட்டினதுங்கிற குறி) யூநேமோட ஒப்பிடுங்க. டிகேஎம்எஸ் ஸ்டேட்டஸ்ல புது கெர்னலுக்கு நேரா "இன்ஸ்டால்டு"னு வராம ரீபூட் பண்ணாதீங்க. பழைய கெர்னலை அழிக்காதீங்க, பூட் ஆகும்போது வர்ற க்ரப் மெனுல அதுதான் ஆபத்பாந்தவன். செக்யூர் பூட்டை அணைச்சுடுங்க, தொல்லை விட்டுது.

டெர்மினல்வாசி
உள்ளயே இருக்கிறது தெரியும்ணே. என் மெஷின்ல அதுல சிக்னல் விட்டு விட்டு வந்துச்சு, அதான் வெளில போனேன். அப்புறம், 22.04-ல வெறும் ஜெனரிக் போட்டா 5.15-க்குத்தான் ஹெட்டர்ஸ் வரும். 6.5 மாதிரி பின்னாடி வந்த கெர்னல் வரிசைக்கு ஜெனரிக்-ஹெச்டபிள்யூஇ-22.04. விண்டோஸும் சேர்த்து வெச்சிருக்கிறவங்க செக்யூர் பூட்டை அணைச்சா, பிட்லாக்கர் (விண்டோஸோட டிஸ்க் பூட்டு) ரெக்கவரி கீ கேட்டு உட்கார்ந்துக்கலாம். அந்தக் கீயை எழுதி வெச்சுட்டு அணைங்க.

குட்டிச்சாத்தான்
உங்க சண்டைக்கு நடுவுல ஒரு ஃப்ரீபிஎஸ்டி (லினக்ஸ் இல்லாத வேற யூனிக்ஸ் வகை சிஸ்டம்) கதை. 13.1-லிருந்து 13.2-க்குப் போனேன். பூட் ஆகும், இன்டெல் கிராபிக்ஸ் மாட்யூல் ஐ915கேஎம்எஸ் ஏறும், எழுத்து சின்னதாகும், அந்தக் கணமே பேனிக் (கெர்னலே கவிழ்றது). மறுபடி பூட், மறுபடி பேனிக். மாட்யூல் பேக்கேஜ் 13.1-க்குக் கட்டினது, ஓடுற கெர்னல் 13.2. நல்லவேளை, மாட்யூலை ஆர்சி.கான்ஃப்ல கேஎல்டி_லிஸ்ட்லதான் போட்டிருந்தேன். லோடர்.கான்ஃப்ல போட்டிருந்தா சிங்கிள் யூசருக்கு (ரிப்பேர் பண்ற மோடு) முன்னாடியே ஏறியிருக்கும். சிங்கிள் யூசர்ல உள்ள நுழைஞ்சு அந்த வரியைத் தூக்கிட்டு, போர்ட்ஸ்ல (சோர்ஸ்லிருந்து நாமே கட்டுற வழி) அந்த கிராபிக்ஸ் மாட்யூல் அடங்கின டிஆர்எம்-கேமோடை நானே கம்பைல் பண்ணேன். 14.2-லிருந்து கெர்னல் மாட்யூலுக்குன்னே தனி ரெப்போ வந்துடுச்சு, புதுசா வர்றவங்க கொடுத்து வெச்சவங்க.

கோடைமழை
@பழைய_பெங்குவின், செக்யூர் பூட்டை அணைக்கச் சொல்றீங்க, சரி. ஆபீஸ் மெஷின்ங்க அது. பயாஸ் பாஸ்வேர்டு ஐடி டீம்கிட்ட இருக்கு.