கௌபாய் படங்களில் உங்கள் மனத்தை விட்டு அகலாத வில்லன் யார்?

கரிசல்:
‘ஷேன்’ (1953). கதை எல்லோருக்கும் தெரியும், நேரே அந்த இடத்துக்கு வருகிறேன். மதுக்கடைத் திண்ணையில் கூலிக் கொலைகாரன் வில்சனாக ஜாக் பேலன்ஸ் நிதானமாக நடக்கிறார். கீழே சேற்றில் வழுக்கி வழுக்கி வருகிறான் டாரி, பாவம், வாய்ச்சொல் வீரனான விவசாயி. வில்சன் கறுப்புக் கையுறையை மாட்டிக்கொள்கிறான். துப்பாக்கியை உருவியும்விட்டான். ஆனால் சுடவில்லை! தன் கதை முடிந்தது என்று டாரிக்கு உறைக்கும்வரை நிற்கிறான். அப்புறம்தான் வெடிச்சத்தம். டாரி பின்னால் தூக்கி எறியப்படுகிறான். நடிகரைக் கம்பி கட்டி இழுத்துத்தான் அதை எடுத்தார்கள். அது தெரிந்த பிறகும் எனக்கு நடுக்கம் குறையவில்லை. கொலையைவிட அந்தக் காத்திருப்புதான் கொடுமை.

தூரத்துமலை:
நடிகர் ஹென்றி ஃபோண்டாவை விட்டுவிட்டு இதைப் பேசவே முடியாது. என் அப்பாவுக்கு அவர் என்றால் 1939இல் வந்த படத்தின் இளம் லிங்கன்தான். செர்ஜியோ லியோனி இயக்கிய ‘ஒன்ஸ் அபான் எ டைம் இன் தி வெஸ்ட்’ (1968) படத்தை இருவரும் சேர்ந்து பார்த்தோம். மெக்பெயின் குடும்பம் செத்துக் கிடக்கிறது, ஒரு சிறுவன் மட்டும் மிச்சம். கேமரா மெல்லச் சுற்றிவந்து கொலைகாரனின் முகத்தைக் காட்டுகிறது. அந்த நீலக் கண்கள்! “ஐயோ, இவரா?” என்றார் அப்பா. அடியாள் ஒருவன் ‘ஃபிராங்க்’ என்று பெயரைச் சொல்லிவிடுகிறான். பையனின் உயிர் போக அதுவே போதும். சுடுவதற்கு முன் ஃபோண்டா புன்னகைப்பார். அப்பா எழுந்து போய்விட்டார், மீதிப் படத்தைப் பார்க்கவே இல்லை.

செவ்வந்தி:
தூரத்துமலை சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. அது நல்லவராகவே பார்த்துப் பழகிய முகம் தந்த அதிர்ச்சி. ஃபோண்டாவை முன்பின் அறியாத என் மகளுக்கு அந்தக் கண்கள் ஒன்றும் செய்யவில்லை. ‘தி மேன் ஹூ ஷாட் லிபர்ட்டி வேலன்ஸ்’ (1962, ஜான் ஃபோர்டு) படத்தின் வில்லன் வேலன்ஸைப் பாருங்கள். ஏப்ரன் கட்டிய ஜேம்ஸ் ஸ்டூவர்ட் உணவுத் தட்டோடு வருகிறார், வேலன்ஸாக நடிக்கும் லீ மார்வின் காலை நீட்டி இடறிவிடுகிறார். இறைச்சி தரையில் கிடக்கிறது. கடை நிறைய ஆட்கள். ஜான் வெயின் ஒருவர்தான் எதிர்த்து எழுகிறார். எங்கள் தெருவுக்கு ஒரு வட்டிக்காரர் வருவார். அவர் யார் வீட்டு வாசலில் நின்று கத்தினாலும் மற்ற வீடுகளில் கதவு சாத்தும் சத்தம்தான் கேட்கும். வேலன்ஸ் எனக்குப் புதியவன் அல்ல.

தண்டவாளம்:
‘ஹை நூன்’ (1952), கல்லூரி விடுதியில் பார்த்தது. அதன் வில்லன் ஃபிராங்க் மில்லர் கிட்டத்தட்ட கடைசிவரை வரவே மாட்டான். அவன் உட்கார்ந்திருந்த காலி நாற்காலியைக் காட்டியபோதே எனக்கு வியர்த்துவிட்டது.

குறும்படம் எடுக்கும் தம்பிகளுக்கு ஒன்று சொல்கிறேன். வில்லனை உறுமவிடாதீர்கள், அவனைச் சுற்றி இருப்பவர்களைக் கவனியுங்கள். ‘ஷேன்’ படத்தில் வில்சன் மதுக்கடைக்குள் நுழைந்ததும் அங்கே படுத்திருந்த நாய் எழுந்து நகர்ந்துவிடும். ஒரு வசனம் கிடையாது. ‘ஹை நூன்’ படத்தில் மில்லர் வருகிறான் என்ற செய்தி ஒன்றே ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷலுக்கு ஒரு துணையும் இல்லாமல் செய்துவிடுகிறது. முன்கதை, அழுகை, சிறுவயதுக் காயம் எல்லாம் வைத்து அவனுக்கு நியாயம் தேடாதீர்கள். வில்சன் எந்த ஊர்க்காரன் என்று யாராவது கேட்டோமா? செவ்வந்தி சொன்ன வட்டிக்காரரையே எடுங்கள். ஆளைக் காட்ட வேண்டாம், முதலில் அந்தக் கதவுகளைப் படம் பிடியுங்கள்.