கிட்டாரில் ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசை) வாசிக்கத் தியரி (இசை இலக்கணம்) தேவையா?

காதுவழி:
ஒரு மைனர் பென்டடோனிக் ஸ்கேல் (ஐந்து ஸ்வர வரிசை), நல்ல பென்ட் (தந்தியை இழுத்து ஸ்வரத்தை ஏற்றுவது), வைப்ராட்டோ (ஸ்வரத்தை அசைப்பது). ப்ளூஸுக்கு இது போதும். ஜாஸ் கிட்டாரிஸ்ட் வெஸ் மான்ட்கோமரிக்கு நொட்டேஷன் (எழுதிய இசைக்குறிப்பு) படிக்கத் தெரியாது. அவருக்கு முந்தைய ஜாஸ் கிட்டாரிஸ்ட் சார்லி கிறிஸ்டியனின் சோலோக்களை ரெக்கார்டில் கேட்டுக் கேட்டே பிடித்தார். ராக் கிட்டாரிஸ்ட் ஜிமி ஹெண்ட்ரிக்ஸும் நொட்டேஷன் படித்தவர் இல்லை. புதிதாக வருபவர்களை எடுத்த எடுப்பில் சர்க்கிள் ஆஃப் ஃபிப்த்ஸில் (சுருதிகளை வட்டமாக அடுக்கிய தியரி பாடம்) உட்கார வைத்தால் கிட்டார் மூலைக்குப் போய்விடும்.

சுருதிப்பிரியை:
நண்பரே, நொட்டேஷன் தெரியாதவருக்குத் தியரியும் தெரியாது என்று எப்படிச் சொல்கிறீர்கள்? எந்தக் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டு) எந்த ஸ்வரம் உட்காரும் என்பது வெஸ்ஸின் கைக்குத் தெரியும்.

ஏ சுருதியில் 12 பார் (தாளச் சுற்று) கொண்ட ப்ளூஸ் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ7 கார்டு ஓடும்போது சி-யைக் கொஞ்சம் மேலே இழுத்தால் அதற்கு அரை ஸ்வரம் மேலே உள்ள சி ஷார்ப் பக்கம் போகும். அது அந்தக் கார்டின் மூன்றாவது ஸ்வரம், இனிக்கும். ஐந்தாவது பாரில் டி7 வருகிறது. அதற்குள்ளேயே சி இருக்கிறது. அங்கேயும் பழக்கதோஷத்தில் சி ஷார்ப் வரை இழுத்தால் உரசும். வாசிப்பவர் உருகித்தான் வாசிக்கிறார். கார்டு மாறியது அவர் காதில் விழவில்லை.

காதுவழி:
காதில் விழவில்லை என்றால் அதற்கு மருந்து கேள்வி ஞானம்தானே? ப்ளூஸ் கிட்டாரிஸ்ட் பி.பி. கிங் இழுக்கும் மூன்றாவது ஸ்வரம் பல இடங்களில் மைனருக்கும் மேஜருக்கும் (ஏ-யில் சி-க்கும் சி ஷார்ப்புக்கும்) நடுவே நிற்கும். பியானோவில் அதற்குக் கட்டையே கிடையாது.

பேஸ்_பாண்டி:
இளையராஜா சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசை படித்தார். அதனால் அவர் மெட்டில் மண்வாசனை போய்விட்டதா?

காதுவழி:
பாண்டி அண்ணா, அதற்கு முன்பே அவர் அண்ணன் பாவலர் வரதராஜனோடு ஊர் ஊராகப் போய் வாசித்தவர். முதலில் வாசிப்பு, அப்புறம்தான் படிப்பு.

சுருதிப்பிரியை:
அப்படி ஊர் ஊராக வாசிக்க எத்தனை பேருக்கு வாய்க்கும்? வேலை முடிந்து வந்து அரைமணி நேரம் கிட்டாரைத் தொடுகிறவர்களுக்குத் தியரிதான் குறுக்குவழி. நீங்கள் சொன்ன ஹெண்ட்ரிக்ஸின் பேர் சொல்லும் ஈ7 ஷார்ப் 9 கார்டையே பாருங்கள்: ஜி ஷார்ப்பும் ஜி-யும் ஒரே கார்டில் மோதுகின்றன. அந்தக் கடுப்பு எங்கிருந்து வருகிறது என்று புரிந்தவர், அதே மோதலை ஏ-யிலும் டி-யிலும் தானே உண்டாக்கிக்கொள்வார். ஏ7-க்கு சி ஷார்ப், டி7-க்கு எஃப் ஷார்ப், ஈ7-க்கு ஜி ஷார்ப். கார்டு மாறும்போது இவற்றை வாயால் பாடிவிட்டு வாசிக்கச் சொல்லுங்கள்.

காதுவழி:
பாடச் சொல்வது சரி, நானும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன். பாட வந்துவிட்ட பிறகு பெயர்களை எதற்கு மனப்பாடம் செய்ய வேண்டும்? அதற்கு நீங்கள் இன்னும் பதில் சொல்லவில்லை.