திருவருகைக் காலம்: அரிசிப் பையா, அருகில் உட்காருவதா?

பழைய வின்சென்டியர்:
எங்கள் கோவில் பங்கில் ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பால் சபையில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் என்பதால் இந்த டிசம்பருக்கும் வீட்டுக்கு 5 கிலோ அரிசி, ஒரு சேலை, கேக் என்று முடிவாகிவிட்டது. பாதி வீடுகளுக்காவது பையை நிறுத்திவிட்டு ஒரு மணி நேரம் உட்கார்ந்து வருவோம் என்று கேட்டுப் பார்த்தேன். யாரும் ஒப்பவில்லை.

நான் ஏன் கேட்டேன் என்றால், போன வருடம் பை கொடுக்கப் போன ஒரு பாட்டி வீட்டில் கட்டிலுக்கு அடியில் மூன்று அரிசிப் பைகள் வாய் கட்டியபடியே கிடந்தன. வண்டு வைத்துவிட்டது. கண்ணில் புரை, அடுப்பு பற்றவைக்கவே பயப்படுகிறார். கிளம்பும்போது, "தம்பி, கால் நகத்த வெட்டி விடுறியா?" என்றார். வெந்நீரில் ஊறவைத்து வெட்டி முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. கூட வந்தவர்களோ வண்டியை ஸ்டார்ட் செய்து வாசலில் நின்றார்கள், இன்னும் பதினொரு வீடு பாக்கி என்று. இயேசுவுக்கு வழங்கும் இம்மானுவேல் என்ற பெயருக்குக் கடவுள் நம்மோடு என்றுதானே பொருள்? அவர் தாய் மரியாவும், உறவினர் எலிசபெத்தைப் பார்க்கப் போனவர் மூன்று மாத அளவும் தங்கினார் என்கிறது லூக்கா 1:56.

கடலோரத்தான்:
அண்ணே, நகம் வெட்டியது பெரிய காரியம். ஆனால் பையில் கை வைக்காதீர்கள். எங்களுக்கு டிசம்பர் என்றால் புயல் கூண்டு ஏற்றுகிற மாதம். ஒரு வாரம் படகு இறங்காவிட்டால் கடைக்காரர் கடன் தரமாட்டார். 2023 டிசம்பர் 17, திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. மகிழ்ச்சி ஞாயிறு என்று ரோஜா நிற மெழுகுதிரி ஏற்றுகிற நாள். அன்றும் மறுநாளும் தூத்துக்குடி மாவட்டமே தண்ணீரில் கிடந்தது. காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. மாடியில் நின்றவர்களுக்கு வேண்டியிருந்தது படகும் சோற்றுப் பொட்டலமும்தான். வெறும் கையோடு போய் ஆறுதல் சொல்வதால் என்ன பயன் என்று யாக்கோபு தம் திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்திலேயே கேட்டுவிட்டார்.

பழைய வின்சென்டியர்:
வெள்ளத்தில் பொட்டலம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை தம்பி. ஓசானாம் 1833இல் பாரிஸில் இந்தச் சபையைத் தொடங்கியபோது அவருக்கு வயது இருபது, மாணவர். அருட்சகோதரி ரோசாலி அவரையும் அவருடைய இளம் நண்பர்களையும் வீடு தேடித்தான் அனுப்பினார். சபையின் அடித்தளமே வீடு சந்திப்புதான். நாம் அதைப் பை விநியோகமாக மாற்றிவிட்டோம். எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

கடலோரத்தான்:
அந்த இளைஞர்கள் ரொட்டி வாங்கிக்கொள்ளும் சீட்டோடுதானே போனார்கள் அண்ணே? பசியோடு இருப்பவர் முன்னால் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தால், எப்போது எழுந்து போவார்கள் என்றுதான் அவருக்குத் தோன்றும். நான் அந்தப் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். அதனால்தான் சொல்கிறேன்.

அன்பியத்து அக்கா:
இரண்டு பேரும் கொடுக்கிறவர் நிற்கிற இடத்திலிருந்தே பேசுகிறீர்கள். என் அம்மா நான்கு வருடமாகப் படுக்கையில் இருக்கிறார். டிசம்பர் வந்தால் கேரல் குழு, அக்கம்பக்கக் குடும்பங்கள் சேர்ந்த அன்பியம், இளையோர் என்று வரிசையாக வருவார்கள். இரண்டு பாட்டு, ஒரு செபம், ஒரு போட்டோ. பதினைந்து பேருக்கு டீ போடுவது நான். அதற்குள் அம்மாவுக்குத் துணி நனைந்திருக்கும், கூட்டத்துக்கு நடுவில் மாற்ற முடியாமல் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொள்வார். அண்ணன் சொல்வதுபோல ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் இன்னொரு டீ, அவ்வளவுதான். எனக்கு வேண்டியது வேறு. ஞாயிற்றுக்கிழமை யாராவது அம்மாவைப் பார்த்துக்கொண்டால் நான் பூசைக்குப் போய்வருவேன். போய் எத்தனையோ மாதம் ஆயிற்று.

கடலோரத்தான்:
அக்கா, இதை நான் யோசித்ததே இல்லை. ஆனாலும் அண்ணே, பை நிற்கக் கூடாது. கேக்கை வேண்டுமானால் நிறுத்துங்கள்.

பழைய வின்சென்டியர்:
சரி, பையில் கை வைக்கவில்லை. சமைக்க முடியாத வீடுகளுக்கு மட்டும் அரிசிக்குப் பதில் சமைத்த சாப்பாடு போகட்டும், அதைக் கூட்டத்தில் பேசுகிறேன். சகோதரி, எங்கள் பங்கிலும் உங்களைப்போல ஒருவர் இருக்கிறார். வருகிற ஞாயிறு நானும் என் மனைவியும் அங்கே போகிறோம். படுத்திருப்பவரை எப்படித் திருப்பிப் படுக்கவைப்பது என்று எங்களுக்குத் தெரியாது. சொல்லித் தருவீர்களா?

அன்பியத்து அக்கா:
அண்ணி செய்யட்டும் அண்ணா, நீங்கள் கூட நின்று தாங்கிக்கொள்ளுங்கள். வாட்ச், வளையல், மோதிரம் கழற்றிவிடுங்கள், தோல் கிழிந்துவிடும். கையை வெந்நீரில் கழுவுங்கள், சில்லென்று தொட்டால் பதறுவார்கள். முதலில் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, திருப்பப் போகிறோம் என்று சொல்லுங்கள். முழங்காலை மடக்கி, தோளிலும் இடுப்பிலும் கை கொடுத்து மெதுவாக உங்கள் பக்கம் உருட்டுங்கள். இழுக்காதீர்கள். முதுகுக்குப் பின்னால் ஒரு தலையணை, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் ஒன்று. இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை. டீயை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.