சிஎன்சி ஆபரேட்டர் இன்டர்வியூக்கு ஏஐல கேள்வி எடுக்கறீங்களா யாராவது?

கணபதி_டர்னிங்:
வணக்கங்க. கோவை கணபதில சின்ன ஜாப் ஒர்க் யூனிட் நம்மளது, பூரா சிஎன்சி டர்னிங் (கம்ப்யூட்டர் ப்ரோக்ராம்ல ஓடற லேத்து வேலை) தான், பெரும்பாலும் பம்ப் ஷாஃப்ட். நைட் ஷிஃப்ட்டுக்கு தனியா சமாளிக்கிற மாதிரி ஒரு செட்டர் கம் ஆபரேட்டர் வேணும். வர்றவன் எல்லாம் பயோடேட்டால 3 வருஷம் எக்ஸ்பீரியன்ஸ்னு போட்டுட்டு வர்றான், மிஷின்ல விட்டா சைக்கிள் ஸ்டார்ட் அமுக்கி பீஸ் மாத்தறது மட்டும் தான் தெரியுது, ஆஃப்செட் (அளவு சரியா வர மிஷின்ல நம்பர் போட்டு டூல நகத்தறது) பத்தி கேட்டா அது சூப்பர்வைசர் போடுவாருங்கறான். சரி ஏஐ கிட்ட கேப்போம்னு "சிஎன்சி ஆபரேட்டருக்கு திறமை அடிப்படையில் நேர்காணல் கேள்விகள் கொடு"னு கேட்டா "நீங்கள் சந்தித்த சவாலான சூழலை விவரிக்கவும்"னு ஆரம்பிக்குது. இதக் கேட்டு யாரக் கண்டுபிடிக்க? நீங்கல்லாம் எப்படி கேட்டு வாங்கறீங்க?

ஹெச்ஆர்_திருப்பூர்:
சார், பதவிப் பேரக் குடுத்தா அப்படித்தான் வரும், வேலையக் குடுங்க. என்ன கன்ட்ரோலர், என்ன மெட்டீரியல், டிராயிங்ல டாலரன்ஸ் (அளவு கூடக்குறைய இருக்கலாம்ங்கற வரம்பு) எவ்வளவு, நைட்ல வழக்கமா என்ன பிரச்சனை வருது, ரிஜெக்‌ஷன் எதனால ஆகுது, எல்லாத்தையும் நீங்க பேசற மாதிரியே தமிழ்ல டைப் பண்ணிப் போடுங்க. அப்புறம் ஒவ்வொரு கேள்விக்கும் நல்லாத் தெரிஞ்சவன் என்ன சொல்லுவான், அரைகுறை என்ன சொல்லுவான்னு சேத்து எழுதச் சொல்லுங்க, மார்க் போட அது தான் கை குடுக்கும். வர்ற எல்லார்கிட்டயும் அதே கேள்வி, அதே மார்க். ஆள் எடுக்கற முறைக்கும் அப்புறம் அவன் வேலை பாக்கறதுக்கும் எவ்வளவு ஒத்துப் போகுதுன்னு ஆராய்ச்சி பண்ணிருக்காங்க, 1 வந்தா முழுசா ஒத்துப் போகுதுன்னு அர்த்தம். 1998ல ஷ்மிட், ஹன்டர்னு ரெண்டு ஆராய்ச்சியாளருங்க பண்ண தொகுப்புலயே சும்மா பேசிப் பாக்கற இன்டர்வியூக்கு 0.38, ஒரே கேள்விய முறையா வச்சுக் கேட்டா 0.51னு வந்துச்சு. 2022ல சாக்கெட் டீம் மறுபடி கணக்குப் போட்டப்ப நம்பர் குறைஞ்சு 0.42 ஆச்சு, ஆனா ஆள் எடுக்கற முறைங்க லிஸ்ட்ல முதல்ல நிக்கறது அது தான்.

டூல்ரூம்_பெருசு:
இதுக்கெல்லாம் எதுக்கு தம்பி ஏஐ. கையில ஒரு மைக்ரோமீட்டரையும் ஒரு பீஸையும் குடு, ராட்செட்ட எப்படித் திருப்பறான்னு பாத்தாலே பாதி தெரிஞ்சுரும்.

செட்டர்_ஹோசூர்:
அண்ணா சொல்றது சரி தாங்க, ஆனா அளக்கத் தெரிஞ்சவனுக்கெல்லாம் ஆஃப்செட் போடத் தெரியும்னு சொல்ல முடியாது. நான் வேலையச் சொல்லி ஏஐல எடுத்து கொஞ்சம் திருத்தி வச்சிருக்க கேள்வி ஒண்ணு:

"ஷாஃப்ட் ஓடி, அதாவது வெளி டயா, 24.987 மிமீல இருந்து 25.000க்குள்ள இருக்கணும். காலையில சரியா வந்துட்டு இருந்துச்சு, இப்ப 25.012 வருது. என்ன பண்ணுவ?"

ஆஃப்செட்ல மைனஸ் 0.012 போடுவேன்னு டக்குனு சொல்றவன் அரைகுறை, ஏன்னா அடுத்த பீஸ் மேல் லிமிட்லயே உக்காரும், இன்செர்ட் (டூல்ல மாட்டற வெட்டுத் துண்டு) இன்னும் கொஞ்சம் தேஞ்சா மறுபடி வெளிய போயிரும். நடுவுல கொண்டு வந்து நிறுத்த 0.018, 0.019 போடுவேன்னு சொன்னா அவன் வேலை பாத்தவன். அதுக்கும் முன்னாடி பீஸ் சூடு ஆறட்டும், தொடச்சுட்டு இன்னொரு தடவ அளக்கறேன், இன்செர்ட் முனையப் பாக்கறேன்னு சொல்றானா, சம்பளம் பேச ஆரம்பிச்சுருங்க.

ஒண்ணு மட்டும் கவனம், ஏஐ குடுக்கற விடைய அப்படியே நம்பாதீங்க. ஃபேனக் கன்ட்ரோலர் லேத்துக்குன்னு தெளிவா சொல்லியும் ஜி92ங்கற ப்ரோக்ராம் கோடுன்னா கோஆர்டினேட் செட்டிங் (அளவு எங்க இருந்து எண்ணனும்னு சொல்றது)னு எனக்கு விடை எழுதிக் குடுத்துச்சு, அது மில்லிங் கதை. நம்ம லேத்துல வழக்கமா இருக்கற ஏ சிஸ்டம் ஜி கோடுல ஜி92 த்ரெட்டிங் சைக்கிள் (மரை வெட்டறது), கோஆர்டினேட்டும் ஸ்பிண்டில் ஸ்பீடு லிமிட்டும் ஜி50ல. அந்த விடையத் தூக்கிட்டு ஆபீஸ்ல இருக்கறவங்க இன்டர்வியூ எடுத்தா சரியாச் சொன்ன பையன் ஃபெயில் ஆயிருவான்.

கணபதி_டர்னிங்:
அருமைங்க, இது தான் வேணும். இதே மாதிரி ப்ரோக்ராம் படிக்கத் தெரியுதான்னு பாக்க?

செட்டர்_ஹோசூர்:
உங்க மிஷின்ல ஓடற ப்ரோக்ராமையே எடுத்துக்கோங்க, கஸ்டமர் பேரு, பார்ட் நம்பர் எல்லாம் அழிச்சுட்டு ஏஐல போட்டு ரெண்டு தப்பு வைக்கச் சொல்லுங்க. ஒண்ணு, எக்ஸ்50.0 (50 மிமீ டயா)ங்கற இடத்துல புள்ளி இல்லாம எக்ஸ்50, பாராமீட்டர் மாத்தி வைக்காத மிஷின்னா அத 0.050 மிமீனு எடுத்துக்கும், டூல் எங்க போய் நிக்கும்னு நினைச்சுப் பாருங்க. இன்னொண்ணு, ஜி96ல (வெட்டற வேகம் மாறாம இருக்க டயா குறையக் குறைய ஆர்பிஎம்ம ஏத்தற கோடு) ஃபேசிங் (பீஸோட முகத்த வெட்டறது) வச்சுட்டு ஜி50 லைனத் தூக்கிருங்க. நிமிஷத்துக்கு 200 மீட்டர் ஸ்பீடுக்கு 50 மிமீ டயால 1270 ஆர்பிஎம் சுத்தும், 20 டயாக்கு வந்தா 3180 தாண்டும், சென்டர் கிட்டப் போகப் போக மிஷின் மேக்ஸிமம் வரைக்கும் ஏறும், பெரிய சக்கு மாட்டிருந்தா பக்கத்துல நிக்க முடியாது. பேப்பர்ல பிரிண்ட் எடுத்துக் குடுங்க, மிஷின்ல ஏத்திராதீங்க சாமி.

ஹெச்ஆர்_திருப்பூர்:
கூட ஒண்ணு, ஃபோன்ல இன்டர்வியூ வச்சா அந்தப் பக்கம் அவனும் ஏஐல பாத்துப் படிப்பான். நேர்ல மிஷின் பக்கத்துல நிக்க வச்சுக் கேளுங்க. பயோடேட்டாவ மட்டும் ஆதார், ஃபோன் நம்பரோட அதுல அப்லோடு பண்ணாதீங்க.

டூல்ரூம்_பெருசு:
அந்த 25.012 கேள்வி நல்லா இருக்கு, நானும் எடுத்துக்கறேன். மைக்ரோமீட்டரையும் குடுத்துட்டே கேப்பேன்.