காமாக்யாவில் அம்மா தொட்ட நீர்

கவுகாத்தியில் பிரம்மபுத்திராவை ஒட்டி எழும் நீலாசல மலைக்கு, எழுபது வயதைக் கடந்த என் அம்மாவை அழைத்துச் சென்றேன். மலைமேல் உள்ள காமாக்யா தேவி கோயில் வரை வண்டிப் பாதை உண்டு. ஆனாலும் நரகாசுரன் ஒரே இரவில் கட்டத் தொடங்கி, தேவி முன்கூட்டியே சேவலைக் கூவச் செய்ததால் பாதியில் விட்டான் என்று கதை சொல்லும் அந்தப் பழைய கற்படிகளில் கொஞ்ச தூரமாவது நடக்க வேண்டும் என்று அம்மா விரும்பினார். நின்று நின்று ஏறினோம்.

சிதைந்து கிடந்த கோயிலைக் கோச் அரச மரபின் மன்னர் நரநாராயணனும் அவர் தம்பி சிலாராயும் 1565-இல் மீண்டும் எழுப்பினார்கள். கல்லாலான அடித்தளத்தின் மேல் செங்கல்லால் எழுந்த, தேன்கூட்டைப் போன்ற விமானம் அவர்கள் காலத்தது. இருவருடைய சிலைகளும் உள்ளே இருக்கின்றன.

மலையேறிச் சென்றால் அம்மன் உயர்ந்த பீடத்தில் அலங்காரத்தோடு காட்சி தருவாள் என்றுதான் நம் மனம் எதிர்பார்க்கும். இங்கோ அவ்வளவு ஏறிய பிறகு, விளக்கொளி மட்டுமே உள்ள கருவறைக்குள் குறுகலான படிகளில் இறங்க வேண்டும். அங்கே விக்கிரகம் இல்லை. சிவனின் மனைவி சதியின் உடல் துண்டுகளாகிச் சிதறியபோது அவள் யோனி விழுந்த இடமாக வணங்கப்படும் பாறைப் பிளவும், அதை எப்போதும் நனைத்துக்கொண்டிருக்கும் ஊற்றும்தான் தேவி. "அம்மன் முகம் எங்கேப்பா?" என்று அம்மா என் காதருகே கேட்டார். மொழி புரியாவிட்டாலும் கேள்வி புரிந்த பண்டா என்னும் கோயில் பூசாரி, அம்மாவின் கையைப் பிடித்து, பூக்களுக்கு அடியில் இருந்த நீரில் வைத்தார்.

வெளியே வந்து சௌபாக்ய குண்டம் என்ற கோயில் குளத்தின் அருகே அமர்ந்தபோது, ஆனி மாதத்து அம்புபாச்சித் திருவிழாவைப் பற்றிச் சொன்னேன். தேவிக்கு மாதவிலக்கு என்று மூன்று நாள் நடை சாத்தப்படுகிறது; பூமித் தாய்க்கும் அதே நாட்கள் என்பதால் உழவர்கள் ஏர் பூட்டுவதில்லை; நடை திறந்ததும் பக்தர்கள் சிவப்புத் துணியைப் பிரசாதமாகப் பெறுகிறார்கள். அம்மா வெகுநேரம் பேசவில்லை. வீட்டுக்கு விலக்கான நாட்களில் பூசையறைப் பக்கமே செல்லாமல், கொல்லைப்புறத் திண்ணையில் தனித் தட்டோடு பல ஆண்டுகள் ஒதுங்கியிருந்தவர் அவர். அந்த நாட்களிலும் கோயில் நடை அடைக்கத்தான் படுகிறது என்றாலும், விலகியிருப்பவளைத் தேடி இலட்சக்கணக்கானோர் மலையடிவாரத்தில் காத்திருக்கிறார்கள் என்பது சிறிய வேறுபாடு அன்று.

"அப்போ அவளுக்கும் உண்டா?" என்று மட்டும் கேட்டார். பிறகு, ஈரம் காயாத வலது கையை முந்தானையில் துடைக்காமல், தம் அடிவயிற்றின் மேல் வைத்துக்கொண்டார்.